அசல் என்று யார் சொல்வது? – ஒரு குச்சியும் ஒரு சான்றிதழும்

1986-ல் மார்ட்டின் ஸ்கார்செஸி இயக்கத்தில் 'தி கலர் ஆஃப் மணி' என்ற ஹாலிவுட் படம் வெளிவந்தது. பில்லியர்ட்ஸ் மேசையில் பந்தயம் கட்டி ஆடியே வாழ்ந்து வயதாகிப்போன எடி ஃபெல்சனாகப் பால் நியூமன். கை துறுதுறுக்கும் இளம் ஆட்டக்காரன் வின்சென்ட்டாக டாம் குரூஸ். படத்தின் ஒரு கட்டத்தில் பெரியவர் அந்தப் பையனிடம் ஒரு குச்சியை ஒப்படைக்கிறார். அது 'பலபுஷ்கா'. பெயரைக் கேட்டதுமே பையனுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. பிறகு அதே குச்சியைச் சிலம்பம் போலச் சுழற்றிக்கொண்டே ஒரு கூடம் முழுக்க எதிராளிகளைத் தோற்கடிக்கிறான்.

இந்தப் படத்துக்காகத்தான் பால் நியூமனுக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. பலபுஷ்கா என்ற பெயரை, பில்லியர்ட்ஸ் மேசையைத் தொட்டே பார்க்காத கோடிக்கணக்கான பேரிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததும் இந்தப் படம்தான்.

ஆனால் ஒரு விஷயம். படத்தில் வரும் குச்சி பலபுஷ்கா அல்ல! ஜாஸ் என்ற நிறுவனம் செய்த, பலபுஷ்கா சாயலில் அமைந்த வேறொரு குச்சி அது. உண்மையான பலபுஷ்காவைப் படப்பிடிப்பில் சுழற்ற விட முடியாது, அதன் மதிப்பு அப்போதே அவ்வளவு உயர்ந்துவிட்டது என்பதுதான் சொல்லப்படும் காரணம். ஆக, உலகத்துக்குப் பலபுஷ்காவை அறிமுகம் செய்து வைத்ததே ஒரு 'டூப்'. பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இந்தக் கட்டுரையின் பிரச்சினையும் அதுதான். இரண்டு குச்சிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன. ஒன்றின் விலை சில நூறு டாலர், மற்றொன்றின் விலை பல ஆயிரம் டாலர். எது அசல் என்று யார் சொல்வது? சொல்பவரை எப்படி நம்புவது?

கியூ என்றால் வரிசை அல்ல

பில்லியர்ட்ஸ் பந்தை இடிக்கும் நீண்ட குச்சிக்குக் 'கியூ' என்று பெயர். ரேஷன் கடை கியூவுக்கும் இதற்கும் உச்சரிப்பு ஒன்றுதான், எழுத்து வேறு. மேசையில் ஆடும் இந்த விளையாட்டுகள் ஒரு பெரிய குடும்பம். அதில் ஸ்னூக்கர் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளிடையே பிறந்தது. 1882-ல் ஊட்டி கிளப்பில்தான் அதன் விதிகள் முறைப்படுத்தப்பட்டதாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் பரவியது இன்னொரு பிள்ளை: ஆறு பைகள் உள்ள சிறிய மேசையில் ஆடும் பாக்கெட் பில்லியர்ட்ஸ். இங்கே சொல்லப்படுவது அந்த ஆட்டத்துக்கான கியூக்களின் கதை.

ஒரு நல்ல கியூ இரண்டு துண்டுகளாக இருக்கும். நடுவில் திருகி இணைக்கலாம், கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். முன்பாதி மெலிந்த மேப்பிள் மரத்தண்டு. அதன் நுனியில் சிறிய தோல் வட்டு. பின்பாதி தடித்த கைப்பிடி. பிடிமானத்துக்காகப் பெரும்பாலும் லினன் நூல் சுற்றியிருப்பார்கள்.

பின்பாதியில்தான் அழகும் விலையும் இருக்கிறது. ரோஸ்வுட், கருங்காலி போன்ற கறுத்த மரம் கீழிருந்து நான்கு கூர்முனைகளாக வெளிர்நிற மேப்பிளுக்குள் ஏறியிருக்கும். அந்த முனைகளின் ஓரங்களில் வண்ணம் தோய்த்த மெல்லிய மரத்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். நான்கு முனைகளும் ஒரே உயரத்தில் முடிய வேண்டும். மரம் காலப்போக்கில் வளையக் கூடாது. சொல்வது சுலபம். வெயிலிலும் மழையிலும் மரம் என்ன பாடுபடும் என்று தெரிந்த தச்சருக்குத்தான் இதன் கஷ்டம் புரியும்.

இந்த நான்கு முனை இணைப்பு வேலை முடிந்த, இன்னும் கடைந்து முடிக்கப்படாத கட்டையைப் 'பிளாங்க்' என்பார்கள். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

புரூக்ளின் தச்சர்

ஜார்ஜ் பலபுஷ்கா 1912-ல் ரஷ்யாவில் பிறந்தவர். 1924-ல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்து நியூயார்க்கில் குடியேறினார். மரவேலைதான் பிழைப்பு. பில்லியர்ட்ஸ் ஆடுவதில் ஆசை. 1959-ல் ஒரு நண்பரோடு சேர்ந்து புரூக்ளினில் பில்லியர்ட்ஸ் கூடம் ஒன்றை வாங்கினார். அங்கே கியூக்களைப் பழுது பார்க்க ஆரம்பித்து, நண்பர்களுக்குப் பரிசாகச் செய்துகொடுத்து, மெல்ல அதுவே தொழிலாகிவிட்டது.

அவருக்கு முன்னாலும் பெயர்பெற்றவர்கள் இருந்தார்கள். சிகாகோவில் ஹெர்மன் ராம்போ, புரூன்ஸ்விக் நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை செய்து, பிறகு தனியாகக் கியூ செய்தவர். பெரிய ஆட்டக்காரர்கள் அவரைத் தேடிப் போனார்கள். அவர் 1967-ல் காலமானார். பலபுஷ்காவுக்குக் காலமும் கைகொடுத்தது. 1961-ல் பால் நியூமன் முதன்முதலாக எடி ஃபெல்சனாக நடித்த 'தி ஹஸ்ட்லர்' வெளிவந்ததும், அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்குப் புது உயிர் வந்தது. சொந்தமாக நல்ல கியூ வேண்டும் என்று கேட்பவர்கள் பெருகினார்கள்.

1959 முதல் 1975-ல் இறக்கும் வரை, சுமார் 16 ஆண்டுகள். அதற்குள் அவர் கையால் செய்த கியூக்கள் ஏறத்தாழ 1,000 முதல் 1,200 என்று கணக்கிடுகிறார்கள். இன்று நினைத்தாலும் ஒன்றுகூடக் கூட்ட முடியாது. வயலினுக்கு ஸ்ட்ராடிவாரி எப்படியோ அப்படி, கியூவுக்குப் பலபுஷ்கா என்று சொல்லும் வழக்கம் வந்தது. 2004-ல் அமெரிக்க பில்லியர்ட் காங்கிரஸ் தன் புகழ்மிக்கோர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. அவர் இறந்து அப்போது 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பெயர் எழுதாத குச்சிகள்

பலபுஷ்கா கியூக்கள் பலவற்றில் பெயர் இல்லை. வரிசை எண் இல்லை. சான்றிதழ் என்ற பேச்சே இல்லை. ஏன்?

தேவைப்படவில்லை, அவ்வளவுதான். வாங்குபவர் அவருடைய பட்டறைக்கே வருவார், அல்லது அவரைத் தெரிந்த ஒருவர் மூலம் சொல்லி அனுப்புவார். எடை இவ்வளவு, நீளம் இவ்வளவு, பிடி இப்படி என்று பேசி முடிப்பார்கள். பணம் கைமாறும், குச்சி கைமாறும். யார் செய்தது என்று சந்தேகப்பட அங்கே மூன்றாவது ஆளே கிடையாது. தெருமுனைத் தையற்காரரிடம் சட்டை தைத்துக்கொள்பவர் 'இதை நீங்கள்தான் தைத்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்' என்று கேட்பாரா?

அந்தச் சட்டையை 30 ஆண்டுகள் கழித்து, தையற்காரரும் இல்லாமல், முதலில் வாங்கியவரும் இல்லாமல், முகம் தெரியாத ஒருவர் இன்னொரு முகம் தெரியாதவருக்கு ஒரு வருடச் சம்பளத்துக்கு விற்கும்போதுதான் அந்தக் கேள்வி பிறக்கிறது. சான்றிதழின் வரலாறே இதுதான். செய்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் இருந்த பழக்கம் அறுந்துபோன இடத்தில், அதை ஈடுகட்ட வந்த காகிதம் அது.

'அசல் சான்றிதழ்' என்றவுடன் கல்லூரி அட்மிஷனில் கேட்கும் ஒரிஜினல் சர்டிபிகேட்டை நினைக்க வேண்டாம். அங்கே சான்றிதழ் அசலா என்று பார்க்கிறார்கள். இங்கே பொருள் அசல் என்று சான்றிதழ் சொல்கிறது. போகப்போகத் தெரியும், இங்கேயும் கடைசியில் சான்றிதழ் அசலா என்று பார்க்கும் நிலைமைதான் வந்தது.

எலுமிச்சம்பழச் சந்தை

1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் ஒரு சிறிய ஆய்வுக் கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் அதை நிராகரித்தன. நான்காவதாக ஒன்று வெளியிட்டது. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அதுவே முக்கியக் காரணம். கட்டுரை பழைய கார்களைப் பற்றியது. அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஓட்டை உடைசல் காருக்கு 'எலுமிச்சை' என்று பெயர்.

அவர் சொன்னது இது. விற்பவருக்குக் காரின் லட்சணம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் 'எதற்கும் இருக்கட்டும்' என்று விலையைக் குறைத்தே கேட்பார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார், விலகிப் போய்விடுவார். மிஞ்சுவது உடைசல்தான். வாங்குபவர் இன்னும் குறைத்துக் கேட்பார். கடைசியில் நேர்மையானவர்களுக்குச் சந்தையில் இடமே இல்லாமல் போகும்.

பலபுஷ்கா கியூவுக்கு இது அப்படியே பொருந்தும். போலி பெருகினால் நஷ்டம் போலியை வாங்கியவருக்கு மட்டுமல்ல. உண்மையான பலபுஷ்காவை வைத்திருக்கும் ஒரு வயதான ஆட்டக்காரரோ அவருடைய மனைவியோ அதை உரிய விலைக்கு விற்க முடியாமல் போவதும் நஷ்டம்தான். சந்தேகம் என்பது அசல் மீதும் விதிக்கப்படும் வரி.

அகர்லாஃபோடு அதே ஆண்டு நோபல் பெற்ற மைக்கேல் ஸ்பென்ஸ் இதற்கு ஒரு வழி சொல்லியிருந்தார். நல்ல சரக்கு வைத்திருப்பவர் ஏதாவது ஒரு அடையாளம் காட்ட வேண்டும். ஆனால் அந்த அடையாளம் நல்லவருக்கு எளிதாகவும் பொய்யருக்குக் கடினமாகவும் இருந்தால்தான் பயன். இருவருக்கும் ஒரே செலவு என்றால் பொய்யரும் அதைக் காட்டிவிடுவார், அடையாளம் செத்துப்போகும். 1973-ல் அவர் இதை வேலைச் சந்தையையும் படிப்பையும் வைத்து விளக்கினார்.

இந்த அளவுகோலை ஒரு சான்றிதழ் மேல் வைத்துப் பாருங்கள். கெட்டிக் காகிதம், தங்க நிற ஓரம், ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து. நேர்மையானவருக்கு ஆகும் அச்சுச் செலவுதான் ஏமாற்றுக்காரருக்கும் ஆகும். நான்கு முனைகள் ஒரே உயரத்தில் முடியும் கியூவைப் போலியாகச் செய்வதைவிட, அது அசல் என்று சொல்லும் காகிதத்தைப் போலியாகச் செய்வது நூறு மடங்கு எளிது!

அப்படியானால் சான்றிதழுக்கு மதிப்பே கிடையாதா? உண்டு. ஆனால் மதிப்பு காகிதத்தில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. அது எங்கே என்று பார்க்க, சான்றிதழ்களை வகை பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூன்று வகைச் சாட்சிகள்

முதல் வகை, செய்தவரே தருவது. உயிரோடு இருக்கும் கியூ கலைஞர் தன் பட்டறையிலிருந்து கியூவை அனுப்பும்போதே கூடவே ஒரு தாளும் அனுப்புவார். வரிசை எண், முடித்த தேதி, என்னென்ன மரம், எத்தனை பதிப்பு வேலை, எடை, நீளம், கையெழுத்து. இதன் பலம் தாளில் இல்லை. பட்டறையில் அவர் வைத்திருக்கும் பதிவேட்டில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் போன் செய்து கேட்கலாம். தாள் தொலைந்தாலும் பதிவேடு பேசும். தாளில் ஒன்றும் பதிவேட்டில் வேறொன்றும் இருந்தால் குட்டு வெளிப்படும். பொய் சொன்னால் அவருடைய அடுத்த நூறு கியூக்களின் விலையும் விழும் என்பதால் அவர் பொய் சொல்வதும் அரிது.

இரண்டாம் வகை, செய்தவர் இறந்த பிறகு அவருக்கு நெருங்கியவர்கள் தருவது. மகன், பட்டறையில் உடன் இருந்தவர், அவரிடம் நேரடியாக வாங்கிய முதல் வாடிக்கையாளர். 'இதை இந்த வருடம் இன்னாரிடமிருந்து நான் வாங்கினேன்' என்று முதல் உரிமையாளர் எழுதிய ஒரு சாதாரணக் கடிதம், பழைய ரசீது, ஆட்டக்காரர் அந்தக் கியூவோடு நிற்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம்... இவற்றில் எதற்கும் தங்க ஓரம் கிடையாது. ஆனால் கை மாறிய கதையைச் சங்கிலி போலக் கோர்த்துச் சொல்வதால் பல நேரங்களில் இவைதான் வலுவான சாட்சி.

மூன்றாம் வகை, நிபுணர் தருவது. அவர் கியூ பிறந்தபோது அங்கே இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான கியூக்களைக் கையில் எடுத்துப் பார்த்தவர். இணைப்புத் திருகின் வடிவம், வளையங்களின் அமைப்பு, முனைகளின் கூர்மை, கடைசல் போன விதம் இவற்றைப் பார்த்து 'இது அவர் கைதான்' என்கிறார். 1990-களில் இந்த அறிவு புத்தகங்களிலும் ஏறியது. 1994-ல் விக்டர் ஸ்டீன், பால் ரூபினோ இருவரும் தொகுத்த 'தி பில்லியர்ட் என்சைக்ளோபீடியா' வந்தது. 1996-ல் கியூக்களுக்கென்றே விலை வழிகாட்டியாக 'புளூ புக் ஆஃப் பூல் க்யூஸ்' வந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் படங்கள் கிடைத்தன. ஆனால் அசலைப் படித்துத் தெரிந்துகொள்ள உதவும் அதே படம், போலி செய்பவருக்கும் பாடப்புத்தகம்தானே!

முதல் வகை 'நான் செய்தேன்' என்கிறது. இரண்டாவது 'நான் பார்த்தேன்' என்கிறது. மூன்றாவது 'நான் நினைக்கிறேன்' என்கிறது. மூன்றின் தலைப்பிலும் ஒரே வார்த்தை அச்சாகியிருக்கும்: சான்றிதழ். வாங்குபவர் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஏமாற்றும் வழிகள்

முழுப் போலி செய்வது ஒரு வழி மட்டுமே. அதைவிட நுட்பமானவை இருக்கின்றன.

பலபுஷ்கா தன் ஆரம்ப காலத்தில் முனைகளைத் தானே இணைக்கவில்லை. புரூன்ஸ்விக் நிறுவனம் 'டைட்டிலிஸ்ட்' என்ற பெயரில் தொழிற்சாலையில் செய்து விற்ற ஒற்றைத்துண்டுக் கியூக்களை வாங்கி, வெட்டி, கடைந்து, இணைப்புப் பொருத்தித் தன் கியூவாக மாற்றினார். ராம்போவும் அதைத்தான் செய்தார். இன்னும் பலரும் செய்தார்கள். கூடங்களில் கிடந்த பழைய டைட்டிலிஸ்ட்கள் பிற்காலத்திலும் கிடைத்தன. ஆக, உண்மையான பழைய மரத்தில், உண்மையான பழைய முனைகளோடு, போன மாதம் செய்த 'பலபுஷ்கா' சாத்தியம்! மரத்தின் வயதைச் சோதித்தாலும் பொய் வெளிவராது.

இன்னொரு வழி, பாதி அசல். கைப்பிடி உண்மையானது, முன்தண்டு மாற்றப்பட்டது. அல்லது மெருகு முழுவதும் புதிது, இணைப்பும் புதிது. ஆட்டக்காரர்கள் கியூவை உபயோகித்தார்கள், தேய்ந்தது, பழுது பார்த்தார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் 'அசல்' என்று ஒற்றை வார்த்தையில் எழுதும் சான்றிதழ் எவ்வளவு அசல் என்று சொல்வதில்லை.

மூன்றாவது, பெயர் உண்மை, ஆள் வேறு. அவருடைய பெயரை உரிமம் பெற்றுத் தொழிற்சாலையில் தயாரித்த கியூக்கள் பிற்காலத்தில் வந்தன. அவை சட்டப்படி சரியானவை. விவரம் தெரியாதவரிடம் அதையே பழைய கையால் செய்ததாகச் சொல்லி விற்பதுதான் மோசடி.

நான்காவதுதான் சான்றிதழுக்கே உரிய வழி. உண்மையான சான்றிதழை வேறு கியூவோடு சேர்த்துவிடுவது. 'கருங்காலி, நான்கு முனை, வெள்ளை லினன்' என்று மட்டும் எழுதிய தாள் அப்படிப்பட்ட எந்தக் கியூவுக்கும் பொருந்தும். இதற்கு மருந்து எளியது: தெளிவான புகைப்படம். இரண்டு மேப்பிள் துண்டுகளில் நரம்போட்டம் ஒன்றாக இருக்காது. கட்டைவிரல் ரேகை போல, மரத்தின் வரிகளே கியூவின் ரேகை. படம் ஒட்டாத சான்றிதழ், போட்டோ இல்லாத ஹால் டிக்கெட் மாதிரி. யார் வேண்டுமானாலும் போய்ப் பரீட்சை எழுதலாம்.

பந்தில் கையெழுத்திட்ட அன்னை தெரசா

சான்றிதழை மட்டும் நம்பினால் ஒரு சந்தை எவ்வளவு தூரம் கெட்டுப்போகும் என்பதற்குப் பக்கத்து வீட்டு உதாரணம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் கியூவைவிடப் பல மடங்கு பெரிய சேகரிப்புச் சந்தை, விளையாட்டு வீரர்களின் கையெழுத்துகள். பேஸ்பால் பந்து, மட்டை, சட்டை என்று எதில் கையெழுத்து இருந்தாலும் விலை உண்டு.

1990-களில் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவை மையமாகக் கொண்டு எஃப்.பி.ஐ. ஒரு விசாரணை நடத்தியது. பெயர் 'ஆபரேஷன் புல்பென்'. 1999 அக்டோபரில் பல இடங்களில் ஒரே சமயத்தில் சோதனை நடந்தது. ஒரு கும்பல் வருடக்கணக்கில் கையெழுத்துகளைப் போலியாகப் போட்டு, விநியோகஸ்தர்கள் மூலம் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அந்தக் கும்பல் ஏற்படுத்திய நஷ்டம் 10 கோடி டாலர் வரை இருக்கும் என்று எஃப்.பி.ஐ. மதிப்பிட்டது. பிடிபட்ட பொருள்களில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லும் பேஸ்பால் பந்தும் இருந்தது! இறந்துபோனவர்களின் கையெழுத்துக்கு ஏற்றாற்போலப் பழைய பந்தும் பழைய மையும் தேடினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தப் பொருள்கள் சான்றிதழ் இல்லாமல் விற்கப்படவில்லை என்பது. சான்றிதழோடுதான் விற்றன. சான்றிதழ் இருந்ததால்தான் விற்றன. கையெழுத்து போலி, அதைச் சான்றளித்த தாளும் பொய். சான் டியாகோ அணியின் நட்சத்திர வீரர் டோனி க்வின், தன் பெயரில் விற்பனைக்கு வந்தவை தன் கையெழுத்து அல்ல என்று கண்டுகொண்டார். உண்மையைச் சொல்ல அவர் உயிரோடு இருந்தார். இறந்துபோனவர்களுக்கு யார் இருந்தார்கள்?

இதற்குப் பிறகு அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2001-ல் வேறொரு முறையைக் கொண்டுவந்தது. பொருளைப் பிறகு பார்த்துக் கருத்துச் சொல்லும் வேலையே இல்லை. காவல்துறை அனுபவம் உள்ள ஒருவர் ஆட்டம் நடக்கும்போது அங்கேயே இருப்பார். பந்து மைதானத்திலிருந்து வெளியே வருவதைக் கண்ணால் பார்ப்பார். அந்த இடத்திலேயே எண்ணிட்ட ஹாலோகிராம் வில்லையை ஒட்டி, எண்ணைப் பதிவு செய்வார். பார்க்கவில்லை என்றால் ஒட்ட மாட்டார், அது எவ்வளவு பெரிய வீரர் தொட்ட பந்தாக இருந்தாலும் சரி.

அதாவது, 'நான் நினைக்கிறேன்' என்பதிலிருந்து 'நான் பார்த்தேன்' என்பதற்குத் திரும்பினார்கள். பலபுஷ்காவின் பட்டறை வாசலில் நின்று கியூவைக் கையில் வாங்கிய வாடிக்கையாளர் இருந்த இடத்துக்கே சுற்றி வந்து சேர்ந்தது கதை.

தந்தம் கேட்ட தேதி

கியூவின் சான்றிதழுக்கு இன்னொரு கனமும் பிற்காலத்தில் சேர்ந்தது. பழைய உயர்ந்த கியூக்கள் பலவற்றில் தந்தம் இருக்கும். முன்தண்டின் நுனிக்குக் கீழே உள்ள வெள்ளைக் குழல், இணைப்பு, கைப்பிடியில் பதித்த சிறு துண்டுகள் என்று. அவை செய்யப்பட்ட காலத்தில் அது குற்றம் அல்ல.

1989-ல் ஆப்பிரிக்க யானை, அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தில் மிகக் கடுமையான பட்டியலுக்கு மாற்றப்பட்டது. 1990 ஜனவரி 18 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கைப்பிடிக்குப் பயன்பட்ட பிரேசில் ரோஸ்வுட் மரமும் 1992-ல் அதே பட்டியலில் சேர்ந்தது. 2016 ஜூலையில் அமெரிக்கா தந்த வணிகத்துக்கு ஏறக்குறைய முழுத் தடை விதித்தது. 100 ஆண்டு கடந்த பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. 200 கிராமுக்குக் குறைவான தந்தம் உள்ள சில பொருள்களுக்கும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. அதற்குத் தந்தம் 1990-க்கு முன்பே நாட்டுக்குள் வந்திருக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு விலக்குக் கேட்பவருடையது. நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியா மாநிலங்கள் தங்கள் பங்குக்குத் தனிச் சட்டங்களும் போட்டன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பலபுஷ்காவின் முதல் கியூவுக்கே 100 வயது ஆக 2059 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை தந்தம் உள்ள பழைய கியூவை விற்க நினைப்பவருக்கு 'யார் செய்தது' என்பதோடு 'எப்போது செய்தது' என்ற ஆதாரமும் வேண்டும். சேகரிப்பாளர்களின் பெருமைக்காகப் பிறந்த காகிதம், சட்டத்தின் முன் காட்ட வேண்டிய காகிதமாகிவிட்டது. பேப்பர் எதற்கு என்று அந்தக் காலத்தில் ரசீதைக் கசக்கி எறிந்தவர்களின் பிள்ளைகளுக்கு இப்போது அதன் அருமை தெரியும்.

யாருடைய கியூ?

கடைசியாக, பிளாங்க் விஷயம். டைட்டிலிஸ்ட் கட்டைகளுக்குப் பிறகு பலபுஷ்கா சிகாகோவின் பர்ட்டன் ஸ்பெயினிடம் பிளாங்க் வாங்கினார் (ஸ்பெயின் நாடு அல்ல, ஆளின் பெயர்). 1970-களில் பென்சில்வேனியாவின் கஸ் சாம்போட்டியிடம் வாங்கினார். சாம்போட்டி தானும் பெரிய கியூ கலைஞர். 1988-ல் அவர் இறந்த பிறகு மகன் பேரி அந்தத் தொழிலைத் தொடர்ந்தார். சாம்போட்டியின் சொந்தக் கியூக்களும் இன்று பலபுஷ்காவுக்கு இணையாகத் தேடப்படுபவை.

அப்படியென்றால் 1973-ல் முடிந்த ஒரு கியூவில், பார்த்தவுடன் கண்ணைப் பறிக்கும் அந்த நான்கு முனைகளும் சாம்போட்டியின் கைவேலை. மரத்தைத் தேர்ந்து, கடைந்து, எடை சமன் செய்து, இணைப்புப் பொருத்தி, பந்தில் பட்டால் கையில் உணரும் அந்த 'ஹிட்'டைக் கொடுத்தவர் பலபுஷ்கா. சான்றிதழில் எத்தனை பெயர் எழுத வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் 'சாம்போட்டி பிளாங்க்கில் செய்த பலபுஷ்கா' என்று இரண்டையும் சொல்லி, அதற்குத் தனி விலையும் வைக்கிறார்கள். தெரியாதவர்களின் தாளில் ஒரே பெயர்தான். இன்னொருவரின் உழைப்பு அந்த ஒற்றைப் பெயருக்குள் மறைந்துபோகிறது. டைட்டிலிஸ்ட் கட்டைகளை இணைத்த புரூன்ஸ்விக் தொழிலாளர்களின் பெயர்கள் எந்தத் தாளிலும் இல்லை.

ஆகவே ஒரு சான்றிதழைக் கையில் எடுத்தால் தங்க ஓரத்தைப் பார்த்துப் பயனில்லை. மூன்று கேள்விகள் போதும். கையெழுத்திட்டவர் கியூ பிறந்த இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தார்? அவர் சொல்வது இதே கியூவைத்தான் என்று தாளில் எப்படித் தெரியும்? அவர் சொன்னது பொய்யானால் அவர் இழப்பது என்ன? மூன்றாவது கேள்விக்குப் பதில் 'ஒன்றுமில்லை' என்றால் அந்தத் தாளின் விலையும் அதேதான்.

ஸ்பென்ஸ் இந்தக் கணக்கை முதலில் போட்டுக் காட்டியது கியூவுக்கோ காருக்கோ அல்ல, பட்டச் சான்றிதழுக்கு. பட்டமும் ஒரு தாள்தான். அதற்கு மதிப்பு இருப்பது, படிக்காதவர் அதை எளிதில் பெற முடியாது என்று மற்றவர்கள் நம்பும் வரைதான். ஒரு கல்லூரி சுலபமாகத் தாள் கொடுக்க ஆரம்பித்தால், அங்கே ராத்திரி பகலாகப் படித்தவரும் அந்த எலுமிச்சம்பழ விலைக்குத்தான் போவார்.

பலபுஷ்கா யாருக்கும் சான்றிதழ் கொடுத்து வியாபாரம் செய்யவில்லை. கியூவைக் கையில் கொடுத்தார், ஆடிப் பார்த்தார்கள், அடுத்தவரிடம் சொன்னார்கள். அவர் பெயருக்கு இன்று இருக்கும் விலையை உண்டாக்கியது அந்தச் சொல்தான். தாள்கள் எல்லாம் பிறகு வந்து அந்த விலையைக் காவல் காக்கின்றன. காவலாளி நல்லவரா என்று விசாரிப்பது மட்டும் எப்போதும் வாங்குபவர் பொறுப்பு.